நுரையே வரலக்கா

மடிப்பாக்கத்தில் கொல்லைப்புறம் உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே இன்னும் ஒன்று மிச்சம். துவைக்கிற கல், பக்கத்தில் குழாயடி, பாத்திரம் தேய்க்க ஒரு சிமெண்ட் மேடை, மூலையில் வெந்நீர் போட மூன்று கல் அடுப்பு, குறுக்கே இரண்டு கொடி, ஒரு முருங்கை. என் சமையலறை ஜன்னல் இதற்கு நேர் மேலே. உலை கொதிக்கும் நேரமெல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்கும் இது தெரியும், கண்டுகொள்வதில்லை. நானும் வாயைத் திறப்பதில்லை. குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு யோசனை சொன்னால் அடுத்த மாதம் வாடகை ஏறும்.

அந்த வீட்டில் நான்கு பேர். வங்கிக்குப் போகும் அக்கா, விருப்ப ஓய்வில் வந்துவிட்ட சார், கல்லூரியில் படிக்கும் மகள், சாரின் தாயார். தாயார் லால்குடிப் பக்கம். பேத்தி அப்பாயி என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் அப்பாயிதான். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்காவிட்டால் கணக்கு சரியாகாது. காலை ஆறரைக்கு வந்து பாத்திரம் தேய்த்து, துணி அலசி, வாசலும் கொல்லையும் கூட்டிவிட்டு எட்டு மணிக்குள் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற வேளச்சேரி அம்மா. அந்த வீட்டில் எந்த மாற்றம் நிலைக்கும், எது ஒரு மாதத்தில் பரணுக்குப் போகும் என்பதைத் தீர்மானித்தவர் இவர்தான். மற்றவர்கள் தாங்கள் தீர்மானித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது புகை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டிகள் நாள்கணக்கில் நின்று தண்ணீர் அடித்தும் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பிய இரவுகளில் பிளாஸ்டிக் எரியும் வாடை படுக்கை வரை வந்தது. அந்தக் குப்பைமேடு எழுந்ததே பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல். அதே வருடம்தான் சதுப்புக்கு ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. பூநாரை ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். சாருக்கு இளைப்பு உண்டு. ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"நாம போட்டதுதாம்ப்பா திரும்பி வருது" என்றாள் மகள். சார் பதில் சொல்லவில்லை. இருமல் விடவில்லை.

அவள் செய்த முதல் காரியம், இந்தத் தலைமுறை எல்லோரும் செய்வதுதான்: பொருள் வாங்கினாள். மூங்கில் பல்துலக்கி, எவர்சில்வர் ஸ்ட்ரா, தேன்மெழுகு பூசிய துணி, 'நூறு சதம் இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்ட பாத்திரம் கழுவும் திரவம். எல்லாம் பெட்டிக்குள் பெட்டியாக, குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறை சுற்றி வந்தன. அப்பாயிக்கு அந்தக் குமிழ் உறை பிடித்துப்போய்விட்டது. மத்தியானம் முழுக்கக் கொல்லைப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தார். மூங்கில் பிடி சென்னைக் குளியலறையின் ஈரத்தில் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடித்தது. தவிர, பிடி மட்டும்தான் மூங்கில், குச்சங்கள் நைலான். ஸ்ட்ராவில் எதை உறிஞ்சுவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இளநீரைக்கூட அவர்கள் அண்ணாந்து குடிப்பவர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரி காலியானது. பருப்பு டப்பா, ரவை டப்பா, ஐஸ்கிரீம் தீர்ந்து ஊறுகாய் ஏறிய டப்பா எல்லாம் கொல்லைத் திண்ணையில் கோபுரமாக நின்றன. மொத்தத்தையும் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடி வாங்குவதாகத் திட்டம்.

"போட்டா அது எங்கடி போவும்?" என்றார் அப்பாயி.

"காயலாங்கடைக்கு."

"அவன் எடுக்கலைன்னா?"

மகள் பெருங்குடி இருக்கும் திசையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் டப்பாக்கள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. ஒரே ஒரு விதி மட்டும் அன்றைக்குப் பிறந்தது: உடைந்து போனதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வராது. ஊறுகாயும் எண்ணெயும் சூடாக ஊற்றுகிற எதுவும் உடனே பீங்கானுக்கும் எவர்சில்வருக்கும் மாறின. மற்றவை ஆயுள் தீரட்டும். பச்சை எழுத்துத் திரவத்துக்குக் கொடுத்த விலையைவிட இந்த விதிக்கு மதிப்பு அதிகம் என்று ஜன்னலில் நின்றபடி எனக்குப் பட்டது. இது எதையும் வாங்கச் சொல்லவில்லை.

பச்சை எழுத்துத் திரவம் தீர்ந்தபோது விலையைப் பார்த்து அக்கா மறுபடி வாங்க மறுத்துவிட்டார். இனி நாட்டு மருந்துக் கடைப் பூந்திக்கொட்டை. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து, ஆறியதும் கையால் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் தேன் நிறத்தில் ஒரு நீர். கொட்டையில் ஒன்றுமில்லை, தோலில்தான் விஷயம். அதிலுள்ள சாப்போனின் எண்ணெயைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். ஆனால் கடைச் சோப்பு மாதிரிப் பொங்காது. சோப்புக் கம்பெனிக்காரர்கள் நுரைக்கென்றே தனியாகச் சேர்க்கிறார்கள், அழுக்கு போவதற்கும் நுரைக்கும் பெரிய உறவில்லை என்று மகள் படிக்கட்டில் நின்று விளக்கினாள். வேளச்சேரி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வடை சுட்ட வாணலியைத் திருப்பிக் காட்டினார்.

"நுரையே வரலக்கா."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாளிலிருந்து நான் பார்த்தது வேறு. முருங்கை மரத்தின் பின்னால், மதில் காரை பெயர்ந்த பொந்தில், ஒரு பாதி பச்சைச் சோப்புக் கட்டி. அக்கா உள்ளே போனதும் கை அங்கே போகும். வாணலி, தோசைத்திருப்பி, குழம்புச்சட்டி மூன்றுக்கும் ஒரு தடவு. பிறகு கட்டி பொந்துக்குத் திரும்பும். மற்ற பாத்திரங்களுக்குப் பூந்திக்கொட்டை நீர். பல வாரம் இப்படி ஓடியது. "இப்ப நல்லா வருதில்ல?" என்று அக்கா பெருமையோடு கேட்பார். "வருதுக்கா" என்பார் அவர். மேலே ஜன்னலில் நான்.

இதற்கிடையே அந்த நீர் வெளியே வைத்தால் ஓரிரு நாளில் புளித்து நாறியது. எனவே ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் ஃபிரிட்ஜுக்குள் போயிற்று. மே மாத மத்தியானம் ஒன்றில் சார் அதைப் பானகம் என்று நினைத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கொல்லைக்கு ஓடிவந்து அவர் துப்பியதைப் பார்த்தபோது, நுரை வரவில்லை என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பொந்திலிருந்த சோப்பை மழைதான் காட்டிக்கொடுத்தது. கரைந்து மதிலில் பச்சையாக ஒழுகி நின்றதை அக்கா பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மேடையில் உட்கார்ந்துகொண்டு, "நிஜத்தைச் சொல்லும்மா, இது ஆவாதா?" என்றார்.

வேளச்சேரி அம்மா உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார். மேலேயிருந்து பார்க்கும் எனக்கே ரேகையோடு ரேகையாக வெடிப்பு தெரிந்தது. ஐந்து வீட்டுச் சோப்பு. "இந்தூட்டு வேலையில கை எரியலக்கா. அது நிஜம். ஆனா நேரமாவுது. எட்டரைக்கு அந்தூட்டுல டிபன் பாத்திரம் போட்டுடுவாங்க. நீங்க எண்ணெய்யைத் தொடச்சிட்டுப் போட்டா இதுவே போதும்."

இந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அன்றிலிருந்து எண்ணெய்ப் பாத்திரத்தைப் பழைய பேப்பரால் வழித்துவிட்டுத்தான் மேடையில் போடவேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். அப்பாயி தன் பங்குக்குச் சீயக்காயையும் பூந்திக்கொட்டைத் தோலையும் வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துத் தூளாக்கிவிட்டார். தூள் புளிக்காது, ஃபிரிட்ஜ் கேட்காது, பானகம் மாதிரியும் இருக்காது. வழவழப்பு விடாத சட்டிக்கு அரிசி கழுவிய தண்ணீரில் ஊறல். தேய்க்கத் தேங்காய் நார். பச்சை நைலான் நார் தேய்ந்து முடிந்த அன்று அது வந்தது. சும்மா வைத்துத் தேய்த்தால் இழை இழையாகப் பிரிந்து குழாயடியை அடைக்கும். வேளச்சேரி அம்மா அதை நனைத்து, முறுக்கி, நுனியை உள்ளே செருகி உருண்டையாக்கும் விதத்தைப் பார்க்கவேண்டும். இடது கட்டைவிரலில் ஒரு சுற்று, மூன்று முறுக்கு, ஒரு இழுப்பு. மகள் எத்தனை வீடியோ பார்த்தும் அவள் கட்டுவது அவிழ்ந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீன்சட்டிக்கு மட்டும் சோப்புக் கட்டி உண்டு. அது இப்போது பொந்தில் இல்லை, மேடையிலேயே சிரட்டையில் இருக்கிறது.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு மூன்றடுக்கு மண்பானை ஒன்று வந்து இறங்கியது. காய்கறித் தோல் உரமாகுமாம். அப்பாயி பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். ஐப்பசி அடைமழையில் அது நாறத் தொடங்கியது. வெள்ளை வெள்ளையாகப் புழு மூடியைத் தாண்டி ஊர்ந்து கொல்லைப்படி ஏறிற்று. மகள் தேர்வு இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். "இதை நான் தொட மாட்டேங்க்கா" என்றார் வேளச்சேரி அம்மா. நியாயம். அவருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது.

வங்கியிலிருந்து திரும்பிய அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூக்கில் துண்டு கட்டி, பானையைச் சாக்கில் கவிழ்த்தார். தப்பு எங்கே என்பது கவிழ்த்ததும் தெரிந்தது: உள்ளே வெறும் ஈரத்தோல், களிமண் போல அப்பிக்கிடந்தது. தோலில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். காற்றுக்கு இடமில்லாவிட்டால் மக்காமல் அழுகும். சருகு போட்டால் கரிமமும் கிடைக்கும், இடையில் காற்று நுழைய வழியும் கிடைக்கும். ஒரு கை தோலுக்கு இரண்டு கை சருகு, மேலே கொஞ்சம் புளித்த மோர். சருகுக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எங்கள் தெருவில் வாதாம் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளங்கை அகல இலைகள் சிவந்து கொட்டும்; கூட்டிக் குவித்துத் தெருமுனையில் கொளுத்துவதுதான் வழக்கம். அக்கா சாக்கோடு போய் நின்றார். வங்கி மேனேஜர் சருகு பொறுக்குகிறார் என்று தெரு சிரித்தது. பொங்கலுக்குப் பிறகு, எதிர்வீட்டிலிருந்தும் கோடிவீட்டிலிருந்தும் இரவோடு இரவாக இவர்கள் கேட்டருகே சருகு மூட்டைகள் வந்து சேரத் தொடங்கின. கேலியா ஒத்தாசையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொளுத்துவது மட்டும் நின்றுபோனது.

சரியாகக் கூடிவந்த பானைக்குள் கைவைத்தால் இளஞ்சூடு இருக்குமாம். அக்கா அப்பாயியின் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். "அடக்கோழி வயிறு மாதிரி இருக்கு" என்றார் அப்பாயி.

உரமானது காய்கறித் தோல்தான். சோறும் எலும்பும் குப்பை அள்ளும் பேட்டரி வண்டிக்கே போயின. மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காதது நீலம் என்று அந்த வீட்டில் பிரிப்பதை யாரும் தவறவிட்டதில்லை. ஆனால் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிட்டால்? அக்கா ஒரு நாள் வாசலிலேயே கேட்டுவிட்டார். வண்டி ஓட்டும் தூய்மைப் பணியாளர் சிரித்தார். "நீங்க பிரிச்ச அட்டையும் பாட்டிலும் கடையில போட்டா எங்களுக்கு டீக்காசு. அதை நான் ஏன் சோத்துல கொட்டுவேன்? பிரிக்காம குடுக்குறாங்க பாருங்க, அதான் மொத்தமா மேட்டுக்குப் போவுது."

அந்தக் காலத்துப் பழக்கமெல்லாம் பசுமை என்று எழுதுகிறவர்கள் எங்கள் ஜன்னலில் ஒரு வாரம் நிற்கலாம். வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்க அப்பாயி கையாண்ட வித்தை, சுருட்டிய பிளாஸ்டிக் கவர். தென்னம்பாளை ஈரமாயிருந்தாலும் கவர் குப்பென்று பிடிக்கும். பெருங்குடிப் புகையில் மகனுக்கு இளைத்ததைப் பார்த்தவரே, மறுவாரம் அவன் குளிக்கும் வெந்நீருக்குக் கவர் கொளுத்தினார். பேத்தி சண்டை போட்டு, கவருக்குப் பதில் காய்ந்த ஆரஞ்சுத் தோலைக் கொடுத்தாள். அதிலுள்ள எண்ணெய்க்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது. அப்பாயி ஒப்புக்கொண்டார், "வாசனையாவும் இருக்கு" என்று.

ஆனால் அதே ஆரஞ்சுத் தோலுக்கு மகளிடம் வேறு உபயோகம் இருந்தது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் மூடி வைத்தால் தரை துடைக்கும் திரவம். முதல் மாதம் தினமும் மூடியைத் திருகி வாயுவை விடவேண்டும். மகள் இதை யாரிடமும் சொல்லாமல் கல்லூரிச் சுற்றுலா போய்விட்டாள். இரவு பதினோரு மணிக்கு வெடித்த சத்தத்தில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டதென்று சார் டார்ச்சோடு தெருவுக்கு ஓடினார்.

ஒரு நாள் இரண்டாவது கொடியில் பூப்போட்ட சின்னச் சின்னத் துணிகள் வரிசையாகத் தொங்கின. மாதவிலக்குக்கான துணி அணையாடைகள். நட்ட நடு வெயிலில், மேலே எதையும் போட்டு மறைக்காமல். அப்பாயி அவற்றைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். "எங்க வூட்டுல மாட்டுக்கொட்டாயில வெக்கப்போருக்குப் பின்னாடி போட்டுக் காயவைப்போம். காயாது. ஈரத்தோடதான் கட்டிக்கணும், தொடையெல்லாம் புண்ணாவும்" என்றார். துணி அதேதான், வெயில் மட்டும் புதிது. சாருக்குக் கொல்லைக்கு வரச் சங்கடமாக இருந்தது. ஒரு வாரம் வாசல் பக்கமே உலாத்தினார், பிறகு பழகிவிட்டது.

சார் விஷயம் தனி. சதுப்பு, புகை எதற்கும் அவர் அசையவில்லை. இ.பி. கார்டுக்கு அசைந்தார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறும். கீழ்ப்படிகளில் கிடைக்கிற சலுகை விலையும் கைவிட்டுப் போகும். இவர்கள் தாண்டுவது எப்போதும் சொற்ப யூனிட்டில். கூடத்து மின்விசிறி சுருள் எரிந்து நின்ற அன்று, கடைக்காரர் 75 வாட் பழைய ரகத்தையும் 30 வாட் பி.எல்.டி.சி. ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறார். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம் என்று சார் பேப்பர் ஓரத்தில் போட்ட கணக்கை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். அதன் பிறகு அவர்தான் அந்த வீட்டின் தீவிரவாதி. ஏ.சி. 18-லிருந்து 24-க்கு ஏறியது. ரிமோட்டை அவர் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். ஆர்.ஓ. கழிவுநீர்க் குழாயின் கீழே வாளி வந்தது, அந்த நீரில் கொல்லை கழுவப்பட்டது.

மஞ்சப்பைக்கு மட்டும் அவர் வெகுநாள் மசியவில்லை. ஊரிலிருந்து வந்தவன் என்று நினைப்பார்களாம். வந்தவர்தானே! அப்பாயியின் பீரோவில் மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பைகள் ஒரு கட்டு இருந்தன. பெயர் போட்டிருந்த சிலருக்குப் பேரன் பேத்தியே ஆகிவிட்டது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோதுகூட, பையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துத்தான் கடைக்குப் போனார். மீன் வாங்கப் போனால் கறுப்புப் பையோடு வருவார். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குக் கனம் பார்க்காமல் தடை இருக்கிறது. மீன்காரம்மாவிடம் பை கேட்காமலே கிடைக்கிறது. அக்கா மூடி போட்ட எவர்சில்வர் தூக்கை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டி அனுப்பினார். முதல் நாள் தூக்கோடு சேர்த்து எடை போட்டுவிட்டார்கள் என்று சார் சண்டை போட்டுவிட்டு வந்தார். இப்போது வெறும் தூக்கை முதலில் தராசில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வஞ்சிரத்தைக் கேட்கிறார்.

தீராமல் கிடப்பது பால் கவர். அந்தத் தடையில் பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு. வேறு வழியும் இல்லை. தினம் மூன்று கவர். கழுவாமல் போட்டால் நாறும், பழைய பேப்பர்காரர் தொடமாட்டார். முனையைத் துண்டாக வெட்டி எறிந்தால் அந்தத் துணுக்கு எங்கும் சேராமல் சாக்கடைக்குப் போகும். எனவே தொங்கலாக வெட்டவேண்டும், பிளந்து அலசவேண்டும், கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கவேண்டும். அக்கா இதை வேளச்சேரி அம்மாவிடம் நாசூக்காக ஒப்படைத்தார். அவர் கொஞ்ச நாள் செய்தார். பிறகு ஒரு மாதக் கடைசியில், நார் உருண்டையை மேடையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கவர் கழுவறது தனி வேலைக்கா. மாசம் முந்நூறு சேத்துக் குடுங்க."

"கவரைப் போட்டு வர்ற காசை நீங்களே வெச்சுக்கங்களேன்."

"ஒரு கிலோ சேர மூணு நாலு மாசம் ஆவும். அந்தக் காசுல என்ன வரும்?"

உள்ளேயிருந்து சார் வந்தார். முந்நூறு ரூபாய் என்பது எத்தனை யூனிட் என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கும். தானே கழுவுவதாக அறிவித்தார். நான்கு நாள் கழுவினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கவரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கிளிப் மாட்டினார். ஐந்தாம் நாள் மூன்று கவர்கள் குழாயடியில் ஆடை கட்டிக் கிடந்தன, எறும்பு மொய்த்தது. வேளச்சேரி அம்மா அவற்றைச் சுற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனார். ஆறாம் நாளும் அப்படியே.

முதல் தேதியன்று அக்கா சம்பளத்தோடு முந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். அவர் எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தயிர் கவர் இதுல சேராதுக்கா" என்றார்.